பூதத்தோட பேச்சு கிடையாது

சார், தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஜன்னலோரம் நான் உட்காரலாமா? இந்தப் பக்கம் முட்டி இடிக்குது. நன்றி சார், நன்றி. நீங்க எதுவரைக்கும்? திண்டுக்கல்லா? அப்போ நாலு மணி நேரம் சேந்துதான் போறோம். நான் மதுரை, ஆரப்பாளையம். ரெண்டரைக்குள்ள அங்க இருக்கணும். மணி என்ன இப்போ? ஒன்பது இருபதா? பாருங்க, ஒன்பதுக்கு டாண்ணு எடுத்துருவேன்னு சொன்னவன், இன்னும் சூலூரே தாண்டல.

என்ன பாக்குறீங்க, பையில கடகடன்னு சத்தமா? பகடை சார். பயப்படாதீங்க, சூதாட்டம் இல்ல. கதை விளையாட்டு. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உட்காருவோம். ஒருத்தர் கதையை நடத்துவார், அவரை மாஸ்டர்னு சொல்றது. மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம். ஒருத்தர் வாள்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். மாஸ்டர் சொல்வார், "முன்னால ஒரு குகை, உள்ள இருந்து நாத்தம் வருது, என்ன பண்றீங்க?" அவங்க அவங்க என்ன பண்றாங்கன்னு சொல்லணும். அது பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும். இருபது முகம் அந்தப் பகடைக்கு. இந்தாங்க, கையில எடுத்துப் பாருங்க. காய் நகர்த்துறது கிடையாது, ஜெயிச்சவன் தோத்தவன் கிடையாது. கதை அது பாட்டுக்கு வருஷக்கணக்கா போகும்.

சிரிக்காதீங்க. நாப்பத்து நாலு வயசுல இது என்ன வேலைன்னு தோணும். என் பேர் சிவசைலம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இருக்கிறது கோயம்புத்தூர்ல, ஆவாரம்பாளையம். நான் வாகன சர்வேயர். வண்டி மோதிடுச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க என்னை அனுப்புவாங்க. எந்த நசுங்கல் இந்த விபத்துல வந்தது, எது போன வருஷமே இருந்ததுன்னு பாத்து எழுதிக் கொடுக்கணும். ஒரு கதவைத் தடவிப் பாத்தாலே சொல்லிடுவேன். என்கிட்ட யாரும் பழைய காயத்தைப் புதுசுன்னு ஏமாத்த முடியாது.

அதனாலதான் எனக்கு இந்த ஆட்டம் பிடிச்சுது. இதுல விதி இருக்கு. பெங்களூருல ஒரு பயிற்சிக்குப் போனப்போ அங்க ஒருத்தர் கத்துக்கொடுத்தார். விதிப் புஸ்தகம் முந்நூத்துச் சொச்சம் பக்கம் சார். அட்டை போட்டு, மூணு கலர் மையில கோடு போட்டுப் படிச்சேன். உயரத்துல இருந்து விழுந்தா எத்தனை அடி படும், இருட்டுல அம்பு விட்டா எத்தனை குறையும், எல்லாத்துக்கும் கணக்கு. வாழ்க்கையில எங்க சார் இப்படி எழுதி வச்சிருக்கான்?

அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்ல ஆட்டம். நான்தான் மாஸ்டர். வர்றது மூணு பேர். ரிஸ்வான்னு ஒரு பல் டாக்டர். அவருக்குச் சண்டை வேணும். வாரம் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கிறவரு, ஞாயித்துக்கிழமை ஆனா கோடாலியைத் தூக்கிடுவாரு. ஜெனிட்டான்னு ஒரு பிசிக்ஸ் டீச்சர். அவங்களுக்குப் புதிர். பூட்டிருக்கிற கதவைக் காட்டினாப் போதும், சாப்பாடு தண்ணி வேண்டாம். அப்புறம் நஞ்சப்பன், நூல் மில்லுக்கு உதிரி பாகம் விக்கிறவர். அவர் வர்றது பஜ்ஜிக்கு. வேஷம் மந்திரவாதி, ஆனா அஞ்சு வருஷத்துல ஒரு மந்திரம்கூட ஒழுங்காப் போட்டதில்ல. நாலு பேரும் நாலு விதமா விளையாடினாலும் எப்படியோ ஓடிக்கிட்டு இருந்தது. எப்படின்னா, விதி என் கையில இருந்தது.

பல்லடம் வந்தாச்சா? கண்டக்டர், எத்தனை நிமிஷம் நிக்கும்? டீ குடிச்சிட்டு வர்ற அளவுக்கு நிக்குமா? நிக்காதா? சரி. சார், இந்தக் கண்ணாடியை இழுக்கவா? காத்தே வரல.

எங்க விட்டேன்? ஆங், கோமதி. கோமதி என் வீட்டுக்காரி. பொதுப்பணித்துறையில வரைதொழில் அலுவலர், கட்டடத்துக்கு வரைபடம் போடுற வேலை. கல்யாணமாகி பதினாறு வருஷம். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். அது ஏன்ங்கிறது ஒரு கதை, இப்ப வேண்டாம். நாலு வருஷம் நாங்க விளையாடும்போது அவ உள்ள இருந்தா. டீ போட்டுக் குடுப்பா, பஜ்ஜி போடுவா, கதவைச் சாத்திக்குவா. போன வருஷம் ஜூன்ல நான் ஒரு கோட்டைக்கு வரைபடம் போட்டுக்கிட்டு இருந்தேன். எட்டுமலை நாடுன்னு ஆட்டத்துக்காக நான் உருவாக்கின நாடு. அதுல பூதங்கள் காவல் இருக்கிற கோட்டை. பின்னால நின்னு பாத்தவ கேக்கிறா:

"ஏங்க, இதுல கக்கூஸ் எங்க?"

"பூதத்துக்கு எதுக்கு கக்கூஸ்?"

"தண்ணி?"

"அகழி இருக்குல்ல."

"அதுல முதலை விட்டிருக்கீங்களே. அப்போ இத்தனை பேரும் எதைக் குடிப்பாங்க?"

பென்சிலை வாங்கி உட்கார்ந்தா. அரை மணியில கிணறு, சமையல்கட்டு, புகை போற வழி, துணி உலர்த்துற இடம், எல்லாம் போட்டுட்டா. ஓரத்துல சின்னதா ஒரு அறை. இது என்னன்னு கேட்டேன். "அவங்கள்ல யாருக்காவது தனியா இருக்கணும்னு தோணினா"ன்னா. பூதத்துக்கு சார்! ஜெனிட்டா அதைப் பாத்துட்டு ஒரே குதி. "அக்காவும் ஆடட்டும் சார், ஆடட்டும் சார்"னு மூணு பேரும் பிடிச்சுக்கிட்டாங்க. நானும் சரின்னேன். நான் பிற்போக்கு ஆள் இல்ல.

ஆனா முறைப்படி செய்யணுமில்ல? என்கிட்ட ஒரு படிவம் இருக்கு. யாருக்கு எந்த மாதிரி ஆட்டம் பிடிக்கும்னு தெரிஞ்சுக்க நானே டைப் அடிச்சது. சண்டை, பேச்சு, புதிர், புது இடம் பாக்கிறது, ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எத்தனை மார்க். ரிஸ்வான் சண்டைக்குப் பத்து போட்டிருந்தார். நஞ்சப்பன் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு கீழே "வெங்காய பஜ்ஜி"ன்னு எழுதியிருந்தார். கோமதி சண்டைக்கு சைபர் போட்டா. பேச்சுக்குப் பத்து. கடைசியில "வேறு ஏதேனும்"னு ஒரு வரி விட்டிருந்தேன். அதுல, "யாராவது என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் இருந்தா பிடிக்கும்"னு எழுதியிருந்தா. அதுக்கு எப்படி சார் மார்க் போடுறது? அதை அடிச்சிட்டேன். படிவத்துக்குப் பொருந்தாத பதில்.

அவ வேஷம் அலர்னு ஒரு மூலிகைக்காரி. வாள் வேண்டாம், வில் வேண்டாம். ஒரு பை, அதுல இலை தழை. ரிஸ்வான் என் காதுல சொல்றார், "சார், ரெண்டாவது வாரமே செத்துருவாங்க." நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அடுத்து நடந்ததைக் கேளுங்க. ஜூலை மாசம். பாலத்துப் பூதம்னு ஒண்ணு தயார் பண்ணியிருந்தேன். மூணு வாரம் உழைச்சிருக்கேன் சார். நாப்பத்தேழு உயிர்ப்புள்ளி, அதாவது அத்தனை அடி தாங்கும். கையில கல்தூண். பாலத்துல எந்தப் பலகை உடையும், எது உடையாதுன்னு தனியா அட்டவணை. வாழ்நாள்ல அப்படி ஒரு சண்டை அமைச்சதில்ல. மூணு பேரும் மறைஞ்சு மறைஞ்சு நிக்கிறாங்க. நான் எழுந்து நின்னு, குரலைக் கனமாக்கி, "யாரடா அங்கே"ன்னேன். ரிஸ்வான் பகடையைக் கையில எடுத்தாச்சு.

கோமதி சொல்றா: "நான் பையைக் கீழே வச்சிட்டு முன்னால போறேன். பூதத்துக்கிட்ட கேக்கிறேன். சாப்பிட்டியா?"

சாப்பிட்டியாவாம். பதினாறு வருஷத்துல என்னை அவ நீன்னு சொன்னதே இல்ல. ஆட்டத்துல சொல்லலாம், அது பூதத்துக்குச் சொன்னது, அதுல தப்பில்ல. ஆனாலும் நேரா என் கண்ணைப் பாத்துக் கேட்டா. நான் மாஸ்டர். பூதத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். "சாப்பிட்டேன்"னேன்.

"என்ன சாப்பிட்ட?"

"மீன்."

"யாரு சமைச்சா?"

"யாரும் சமைக்கல. பச்சையா."

"தனியாவா இருக்க?"

புஸ்தகத்துல பூதத்தைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. தோல் எவ்வளவு தடிப்பு, நெருப்புப் பட்டா என்ன ஆகும், எல்லாம் இருக்கு. தனியா இருக்கான்னு இல்ல. அதனால வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. "முன்னால நாங்க ஏழு பேர். ஒவ்வொருத்தரா மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. யாராவது ஒருத்தர் பாலத்தைப் பாத்துக்கணுமில்லையா, அதான் நான் இருக்கேன்"னேன். "யாரு பாத்துக்கச் சொன்னா?"ன்னா. "யாரும் சொல்லல"ன்னேன். "சாப்பிடும்போது எந்தப் பக்கம் பாத்து உட்காருவ?"ன்னு கேட்டா. "சுவரைப் பாத்து"ன்னேன். ஏன்னு கேட்டா. "எதிர்ல ஆள் இல்லைங்கிறது அப்பத் தெரியாது"ன்னேன்.

ஒண்ணரை மணி நேரம் சார். ஒரு பகடை உருளல. நான் கடிகாரத்தைப் பாக்கிறேன், என் நாப்பத்தேழு புள்ளியும் அப்படியே கிடக்கு. ரிஸ்வான் பகடையைக் கீழே வச்சிட்டார். நஞ்சப்பன் பஜ்ஜியைக் கையில பிடிச்சவர் பிடிச்சபடியே இருக்கார், எண்ணெய் வழியுது. கடைசியில அந்தப் பூதம் அவங்களுக்குப் பாலத்தை விட்டது. விட்டதோட இல்ல, எந்தப் பலகை உடையும்னு அதுவே சொல்லிடுச்சு. நான்தான் சொன்னேன், ஆனா என்னால வேற ஒண்ணும் சொல்ல முடியல, புரியுதா உங்களுக்கு?

எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கிறா, "சுவரைப் பாத்துச் சாப்பிடும்னு எப்படிங்க தோணுச்சு?" சும்மா வந்துச்சுன்னேன். எனக்கும் சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்தாப் பிடிக்காது, டிவியைத் திருப்பி வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவேன், ஆனா அது வேற. குழாயை மூடிட்டுத் திரும்பினா. ஏதோ சொல்லப்போறா மாதிரி இருந்தது. எனக்கு மனசு பூரா அந்த வீணாப்போன சண்டையிலயே இருந்தது. "அடுத்த வாரம் இப்படிப் பண்ணாத, ரிஸ்வானுக்கு போரடிக்குது"ன்னேன்.

ரிஸ்வானுக்கு போரடிச்சதான்னு கேக்கிறீங்களா? அவர் வாயைத் திறந்து சொல்லல. ஆனா படிவத்துல பத்து போட்டிருக்காரே!

இது தாராபுரமா? அதுக்குள்ள வந்துட்டோமா? நான் கவனிக்கவே இல்ல. இருங்க, இறங்கி ஒரு நிமிஷம் காலை உதறிட்டு வந்துடறேன். சீட்டைப் பாத்துக்கோங்க, பையையும்.

வந்துட்டேன். இந்தாங்க, நிலக்கடலை. எடுத்துக்கோங்க சார், சும்மா எடுத்துக்கோங்க. உட்கார்ந்தே இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது. போன வருஷத்துல இருந்துதான் இப்படி. டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணுமில்லைங்கிறார்.

அந்தப் பூதத்துக்கு அப்புறம் எல்லாம் தலைகீழ். குட்டிச்சாத்தான் கூட்டம் வந்தா கோமதி அதுங்க பேர் கேப்பா. பேர் வச்சாகணும் நான். கொள்ளைக்காரன் வந்தா அவன் பெண்டாட்டிக்கு என்ன உடம்புக்குன்னு கேட்டு மருந்து கொடுப்பா. ஜெனிட்டா புதிரை விட்டுட்டு கொள்ளைக்காரன் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. ரிஸ்வான் ஒருநாள் கோடாலியை ஆத்துல போடுறேங்கிறார். ஆயிரம் வருஷத்து மந்திரக் கோடாலி சார்! வாரா வாரம் நான் சண்டையைத் தயார் பண்ணி எடுத்துட்டு வர்றேன், வாரா வாரம் அது அப்படியே பைக்குள்ள திரும்பிப் போகுது. அதைவிட, அந்தக் குட்டிச்சாத்தானுக்கும் கொள்ளைக்காரனுக்கும் எல்லாம் நான் பேசணும். மூணு மணி நேரம். ஆட்டம் முடிஞ்சா நெஞ்செல்லாம் என்னமோ கொத்திப் போட்ட மண்ணு மாதிரி இருக்கும். வேலைக்குப் போனா கவனம் நிக்கல. ஒரு லாரி முகப்பைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், இதை ஓட்டினவன் வீட்ல யாரு இருப்பான்னு ஓடுது புத்தி. இது எனக்குத் தேவையா?

அதனால செப்டம்பர்ல ஒரு விதி கொண்டுவந்தேன். பத்து நிமிஷ விதி. ஒரு பூதத்தோடயோ கொள்ளைக்காரனோடயோ பேசுறதுன்னா பத்து நிமிஷம்தான். மேசையில மணல் கடிகாரம் வச்சேன். மணல் தீந்தா பகடை. நியாயமான விதிதானே? எல்லாருக்கும் பொதுவான விதி. கோமதிக்கு மட்டும்னு நான் சொல்லல.

யாரும் எதுத்துப் பேசல. கோமதிகூட சரின்னுட்டா. மணலைப் பாத்துக்கிட்டே பேசுவா. பேசிக்கிட்டே வேகமாயிடுவா. ஒரு கேள்வி கேட்டுட்டு மணலைப் பாப்பா, நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த கேள்வி.

நவம்பர் முதல் ஞாயிறு. கோட்டைத் தலைவன். எட்டுமலை நாட்டுக்கே பெரிய எதிரி. அவனைச் சிறை பிடிச்சாச்சு, அலர் அவன் காயத்துக்கு மருந்து கட்டிக்கிட்டே பேசுறா. கோமதி கேக்கிறா, "நான் இந்த ஊரை விட்டுப் போறேன். போகவான்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்னடா இது, எதிரிகிட்ட போய் இதைக் கேக்கிறாளேன்னு எனக்கு ஒரே குழப்பம். "போறவங்களைத் தடுக்க நான் யாரு"ன்னேன், தலைவன் குரல்லதான். "தடுக்கச் சொல்லல. என்ன சொல்லுவன்னுதான் கேட்டேன்"ன்னா. நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், மணல் தீந்து போச்சு.

மணல் தீந்தா பகடை. நான் விதியை மீற முடியுமா, சார், சொல்லுங்க? நான் போட்ட விதி. தலைவன் ஒளிச்சு வச்ச கத்தியை எடுத்தான். எல்லார் கண்ணு முன்னாலயும்தான் உருட்டினேன், மறைக்கல. இருபதுக்கு இருபது. அலருக்கு ஒன்பது புள்ளிதான். செத்துட்டா.

நஞ்சப்பன்தான், "ஏனுங்க, இன்னொரு தடவை உருட்டிப் பாக்கலாமுங்களா?"ன்னார். விதி இல்லைன்னேன். கோமதி நோட்டை மூடினா. "வேற ஆள் உருவாக்கிக்கோ, அடுத்த வாரமே சேந்துக்கலாம்"னேன். "இல்லங்க, போதும்"னுட்டு எழுந்து டீ போடப் போனா. அந்த டீயை மூணு பேரும் ஆற வச்சே குடிச்சாங்க.

அதுக்கப்புறம் ஜெனிட்டாவுக்குப் பரீட்சைத்தாள் வந்துடுச்சு. ரிஸ்வானுக்கு ஞாயித்துக்கிழமையும் க்ளினிக். நஞ்சப்பன் மட்டும் ஒரு வாரம் வந்தார். ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு, "சைலம் சார், உங்கூட்டு அம்மிணி பேசாம இது நல்லாவே இல்லீங்க"ன்னுட்டு, பஜ்ஜிகூட கேக்காமப் போயிட்டார். அஞ்சு வருஷத்து ஆட்டம் சார். ஒருத்தியோட ரசனைக்காக நாலு பேர் ஆட்டம் போச்சு. இது என் வருத்தம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அந்த டிசம்பர்லதான் அவளுக்கு மாறுதல். பதவி உயர்வு, முதுநிலை வரைதொழில் அலுவலர், மதுரைக்கு. ட்ரங்குப் பெட்டியைப் பரண்ல இருந்து இறக்கும்போதுதான் எனக்குத் தெரியும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"ன்னேன். "அக்டோபர்ல ஒரு தடவை சொன்னேன். நீங்க நல்லதுன்னீங்க. அப்புறம் ஒரு தடவை கேட்டேன்"ன்னா. முதல் தடவை ஞாபகம் இருக்கு. உயரத்துல இருந்து விழுற அத்தியாயத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். நல்லதுதானே, பதவி உயர்வு நல்லது இல்லையா? ரெண்டாவது தடவை எப்போ கேட்டான்னு இன்னி வரைக்கும் எனக்குப் பிடிபடல. நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? நானே பெட்டியைத் தூக்கி வண்டியில வச்சேன். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அப்படி நினைக்காதீங்க. தினமும் போன் பண்ணுவோம். சாப்பிட்டீங்களாம்பா, சாப்பிட்டேம்பேன்.

ஒட்டன்சத்திரம். காய்கறி லாரியைப் பாருங்க, எத்தனை நிக்குது. அந்த மூணாவது லாரி, பம்பர் பழைய அடி. சொன்னேன்ல, பாத்தாத் தெரியும் எனக்கு.

இப்ப கேளுங்க. பிப்ரவரியில போன் பண்றா. "நான் இங்க ஒரு மேசை ஆரம்பிச்சிருக்கேன், ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" எனக்கு நம்பவே முடியல. இவளா, மாஸ்டரா? அந்தப் புஸ்தகத்துல பத்துப் பக்கம் படிச்சிருக்க மாட்டா. சரி, போய்ப் பாத்து ரெண்டு விஷயம் திருத்திட்டு வருவோம்னு போனேன். எல்லீஸ் நகர்ல வாடகை வீடு. ஆபீஸ்ல டைப்பிஸ்ட் ஒரு அம்மா, ரிட்டையர் ஆன ஒரு ஓவர்சியர், மாடி வீட்டுப் பொண்ணு ஒண்ணு, அது சட்டம் படிக்குது. அவங்களோட நான். எனக்கு ஒரு வீரனை உருவாக்கினேன், கார்முகன்னு பேர். இரும்புக் கவசம், ரெண்டு வாள், அம்பத்திரண்டு புள்ளி. முறைப்படி, ஒரு தப்பு இருக்காது.

மூணு தடவை போயாச்சு சார். ஒரு சண்டை கிடையாது. கவசத்தைப் போட்டுக்கிட்டு நான் சந்தையில நிக்கிறேன், கல்யாண வீட்ல நிக்கிறேன். நடுவுல நான் விதியை எடுத்துச் சொன்னா, "அப்படியாங்க? சரி, எழுதி வச்சுக்கிறேன்"னுட்டு அவ பாட்டுக்குப் போறா. ஆனா ஒண்ணு, ஒத்துக்கணும். வரைபடம் அருமை. ஒவ்வொரு வீட்டுக்கும் கிணறு இருக்கு.

போன தடவைதான் உச்சம். ஒரு பெரிய ஆறு. துறையில ஒரு படகுக்காரி. கோமதிதான் அவளுக்குப் பேசுறா. படகுல ஏறணும்னா கூலி கிடையாது, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். டைப்பிஸ்ட் அம்மாகிட்ட எதையோ கேட்டா, அவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு ஏறிட்டாங்க. ஓவர்சியர் ஏறிட்டார். அந்தப் பொண்ணும் ஏறிடுச்சு. என் முறை. என்னைப் பாத்துக் கேக்கிறா:

"உனக்கு என்ன வேணும்?"

நான் பகடையை எடுத்தேன். "இதுக்கு உருட்ட வேண்டாம். சொல்லு போதும்"ங்கிறா. சரின்னு யோசிச்சேன். புது வாள் வேணும்னு சொல்லலாம். மருந்துக் குப்பி சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனா எல்லாரும் பாக்கிறாங்க, அவளும் பாக்கிறா, மேசையில மணல் கிணல் ஒண்ணும் இல்ல. எவ்வளவு நேரம் ஆச்சுன்னே தெரியல எனக்கு. பகடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்திக்கிட்டே இருந்தேன். கடைசியில, "நான் ஏறல. இங்கேயே உட்கார்றேன்"னேன்.

திட்டுவான்னு நினைச்சேன். "சரி, உட்காரு"ன்னு நோட்ல எழுதிக்கிட்டா.

மத்தவங்க அக்கரைக்குப் போய் கதையைத் தொடர்ந்தாங்க. அங்க திருவிழாவாம், ஏதோ திருட்டாம், கூத்து நடக்குது. கார்முகன் துறையில தனியா உட்கார்ந்திருக்கான். நடுநடுவே அவ என் பக்கம் திரும்புவா. "மழை வருது. என்ன பண்ற?" நனைஞ்சுக்கிட்டு இருக்கேன்னேன். திரும்ப அந்தப் பக்கம் போயிடுவா. கொஞ்ச நேரம் கழிச்சு, "கவசம் கனமா இருக்கா?" ஆமான்னேன். "கழட்டுறியா?" கழட்டினா நாப்பது சதவீதப் பாதுகாப்பு போயிடும்னேன். "சரி"ன்னா. அதுக்கப்புறம் ஒரு கால் மணி நேரம் என் பக்கம் வரவே இல்ல. எனக்கு இருப்புக் கொள்ளல. அவங்க திருட்டைக் கண்டுபிடிச்சா எனக்கென்ன, பிடிக்காட்டி எனக்கென்ன, இவ எப்ப இந்தப் பக்கம் திரும்புவான்னே பாத்துக்கிட்டு இருக்கேன். திரும்பினப்போ அவ கேக்கிறதுக்கு முன்னாலயே, "தோள் பக்கம் மட்டும் கழட்டிட்டேன்"னு நானே சொன்னேன்.

ஆட்டம் முடியிற நேரம். மத்தவங்க நோட்டை எல்லாம் எடுத்து வைக்க ஆரம்பிச்சாச்சு. அவ சொல்றா, "படகுக்காரி படகைக் கட்டிட்டு வந்து கார்முகன் பக்கத்துல உட்கார்றா. அவகிட்ட ஒரு ஓலைக்குடை இருக்கு. அதைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்க்கிறா." அவ்வளவுதான். ஆட்டம் முடிஞ்சுது.

குடை சாய்க்கிறதுக்கு என்ன விதி சார்? தாக்குதல்லயும் சேராது, தற்காப்புலயும் சேராது. அன்னைக்குத் திரும்பி வந்து முந்நூறு பக்கத்தையும் புரட்டிட்டேன், எங்கயும் இல்ல. இதெல்லாம் ஒரு ஆட்டமா? அஞ்சு மணி நேரம் பஸ்ல போறேன், அஞ்சு மணி நேரம் திரும்பி வர்றேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பகடையை உருட்டினேனா? பாருங்க, என்னை மாதிரி ஆளுக்கு இந்த ரசனை ஒத்துவராது, சார். என் பாணியே வேற. நான் அவகிட்ட இதைத் தெளிவாச் சொல்லிடணும்னு இருக்கேன்.

போன சனிக்கிழமை போக முடியல, உடுமலையில ஒரு வேன் கவுந்து கிடந்தது, வேலை. வரலைன்னு போன்ல சொன்னேன். "பரவாயில்லங்க"ன்னா. "அவன் எப்படி இருக்கான்?"னு கேட்டுட்டேன், என்னை அறியாம. "அங்கேயேதான் இருக்கான். மழை இன்னும் விடல"ன்னா.

திண்டுக்கல் பை-பாஸ் வந்துடுச்சு, உங்க பையை எடுத்துக்கோங்க. மணி என்ன? ஒண்ணு பத்தா? போயிடலாம், ரெண்டரைக்குள்ள போயிடலாம்ல? இவன் மட்டும் இங்க ரொம்ப நேரம் போடாம இருந்தா சரி.

என்ன கேட்டீங்க? பிடிக்கலைன்னா எதுக்கு இன்னைக்கும் போறேன்னா?

என்ன சார் கேள்வி இது? பதினஞ்சு நாளா அவன் அங்க மழையில உட்கார்ந்திருக்கான். அந்தப் படகுக்காரியும் பாவம், அவனுக்குக் குடையைச் சாய்ச்சுக்கிட்டு, பாதி நனைஞ்சுக்கிட்டு இருப்பா. நான் போகாட்டி வேற யாரு போவா?